மேயாத புல்லுக்கு ரசீது

ஆற்றின் வால்முனையில், கசாக் பக்கம்,
சர்க்கரைக்கிழங்குச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவள் நான்.
என் பேரேட்டில் எல்லாவற்றுக்கும் எடை உண்டு:
டீசல், விதை, உரம்,
செய்சென் இன்னும் திருப்பித் தராத
இரண்டு காலிச் சாக்கு உட்பட.

இந்த ஆண்டு ஒரு வரி மட்டும் எடையில்லாமல் நிற்கிறது:
மேயாத புல், நானூறு ஹெக்டேர்.

மே மாதக் கூட்டத்தில் செய்சென்தான் எழுந்தான்.
"எல்லைக்கு அப்பால், மலைமேல்,
எவனோ கிர்கிஸ்காரன் ஆடு மேய்க்காமல் இருப்பானாம்.
அதற்கு நான் பணம் தர வேண்டுமாம்.
நானும்தான் ஆடு மேய்க்கவில்லை.
எனக்கு யார் தருகிறார்கள்?"
நாற்பத்தொரு பேரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன். நல்ல கேள்விதான்.

பதில் சொல்லவில்லை.
வெள்ளரி ஊறுகாய் போடும் கண்ணாடி ஜாடிகள் மூன்றை
மேசைமேல் வைத்தேன்.
பம்பு வாயில் பிடித்த தண்ணீர்,
மூன்று ஏப்ரல்கள்.
முதல் ஜாடியின் அடியில் ஒரு விரற்கடைச் சேறு.
அடுத்ததில் நான்கு விரல்.
போன வருடத்து ஜாடியில் ஒரு சாண்.

அந்த மலை நம்மைப் பார்க்க வருகிறது,
பாஸ்போர்ட் இல்லாமல், முத்திரை இல்லாமல்,
நம் வாய்க்காலில் வந்து படுத்துக்கொள்கிறது.
அதை எழுப்பி வெளியேற்ற
மண்வாரி எந்திரத்துக்குப் பத்தொன்பது நாள் வாடகை.
ரசீது இதோ.
சேற்றுக்கு ஏற்கெனவே தந்துகொண்டுதான் இருக்கிறோம்.
புல்லுக்குத் தந்தால் மலிவு.

செய்சென் ஜாடியைத் திறந்து மோந்தான்.
"ஆட்டுப் புழுக்கை" என்றான்,
யாரையோ கையும் களவுமாகப் பிடித்தவன் போல.
"சரி, பணத்தை வாங்கிக்கொண்டு
அவர்கள் மேய்த்துவிட்டால்?"
மேய்த்தால் நான்காவது ஜாடி சொல்லும்.

பத்தொன்பது பேர் கையெழுத்திட்டார்கள்.
இருபத்திரண்டு பேர் தேநீர் ஆறிவிட்டது என்றார்கள்.

மலைமேல் புருல்கான்
எங்கள் உறையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.
"பணமா? வேண்டாம்.
பணம் வந்தால் என் கொழுந்தன் ஆடு வாங்குவான்.
வாங்கிய ஆடு
நீங்கள் காக்கச் சொல்லும் புல்லைத்தான் தின்னும்.
மேட்டுச் சரிவை நாங்கள் விட்டுவிடுகிறோம்.
பனி விழுந்த பிறகு
பட்டியில் அடைபட்ட வாய்களுக்கு என்ன தருவீர்கள்?"

சர்க்கரை பிழிந்த கிழங்குச் சக்கை,
ஆலை வாசலில் நாங்கள் குவித்துப் புளிக்க விடுவது,
அதைக் கேட்டாள்.
எத்தனை குளிர்காலமாக
அதன் நாற்றத்தைக் குறை சொல்லியிருக்கிறோம்!

நவம்பரில் இரண்டு லாரி.
சுங்கச் சாவடியில் ஆவி பறந்தது சக்கையிலிருந்து.
அதிகாரி படிவத்தைத் தட்டினான்:
"இதற்குப் பதிலாக என்ன வருகிறது?"
தண்ணீர்.
"அது எப்போதும் வருகிறதே."
தெளிந்து வரும்.
"தெளிவுக்குக் கட்டம் இல்லை, அம்மா."

இரண்டு மணி நேரம் யோசித்து,
மனமிரங்கி, அன்பளிப்பு என்று எழுதினான்.
ஓட்டுநர் சாவியைத் திருகினார்.
நான் பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அடித்தேன்.

அன்பளிப்பு இல்லை, ஐயா.
கொடுத்துவிட்டு மறந்துபோக நாங்கள் வள்ளல்களும் இல்லை,
வாங்கிவிட்டுத் தலைகுனிய அவள் இரவலரும் இல்லை.
இது விலை.
அடுத்த வருடமும் தர வேண்டியது.
குறைந்தால் அவள் கேட்கலாம்,
கலங்கினால் நான் கேட்கலாம்.

இன்னும் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தான்.
சக்கையின் மேல்தோல் உறைந்து வெடித்தது.
கடைசியில் 'இதர' என்ற கட்டத்தில்
எறும்பு எழுத்தில் எழுதினான்: மேயாத புல்.
எழுதிவிட்டு, தானே ஒருமுறை வாய்விட்டுப் படித்தான்.

கையெழுத்திடாத செய்சென்
லாரி கிளம்பிய காலையில் வந்திருந்தான்.
இரண்டு சாக்குகளையும் திருப்பித் தந்தான்,
இரண்டிலும் சக்கை.
பேரேட்டில் அவன் பெயருக்கு எதிரே
என்ன எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.

இன்று ஏப்ரல் ஒன்பது.
நான்காவது ஜாடி ஜன்னலோரம் இருக்கிறது.
தண்ணீர் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது.
மேசையை யாரும் ஆட்டாதீர்கள்.